ஆய்வகக் காப்பும் அதன் மொழியும்: பல்கலைக்கழக உயிரியல் ஆய்வகங்களை முன்வைத்து

பல்கலைக்கழகங்களில் நுண்ணுயிர்களைக் கையாளும் ஆய்வகங்கள் இன்று பெருகியுள்ளன. அங்குப் பணிபுரிவோர்க்கும் அவற்றைச் சூழ்ந்து வாழ்வோர்க்கும் தீங்கு நேராவண்ணம் செய்யப்படும் ஏற்பாடுகளை உயிரியல் காப்பு என்று குறிக்கலாம். இஃது அறிவியலாரும் நிருவாகத்தினரும் ஆராய வேண்டிய பொருள். மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பு. ஆய்வகம் ஒன்றைப் பார்வையிட வரும் குழுவினர் அங்கு என்ன செய்கின்றனர் என்பதைக் கவனித்தால் விடை புலப்படும். அவர்கள் நுண்ணுயிரைப் பார்ப்பதில்லை. கதவில் ஒட்டியுள்ள குறியையும், குப்பியின் மேலுள்ள பெயர்ச்சீட்டையும், பதிவேட்டையும், கருவியில் தொங்கும் சான்றுச் சீட்டையும், பயிற்சி பெற்றோரின் பட்டியலையும் பார்க்கின்றனர். சில வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்கின்றனர். ஆகவே ஆய்வகப் பார்வையீடு என்பது பெரும்பகுதி ஒரு வாசிப்பே எனலாம்.

அவ்வாறு வாசிக்கப்படும் மொழியில் ஒரு குறை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ‘யார்’, ‘யாரை’ என்னும் இரண்டு இடங்களும் அதில் வெற்றிடமாக விடப்படுகின்றன. கலைச்சொல், கதவிலுள்ள குறி, அறிவிப்பு வாக்கியம், வினாப்பட்டியல் ஆகிய நான்கிலும் இக்குறை உள்ளது. இதனால் விளையும் கேடு வெறும் நடைக்குறை அன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காப்பு, காவல், அடைப்பு

ஆங்கிலத்தில் ‘பயோசேஃப்டி’, ‘பயோசெக்யூரிட்டி’ என இரு சொற்கள் வழங்குகின்றன. கிருமி அறியாமல் வெளிப்பட்டு மனிதரைத் தாக்காமல் தடுப்பது முன்னது. கெடுநோக்குடையோர் கிருமியைக் களவாடாமல் தடுப்பது பின்னது. முன்னது மனிதரைக் கிருமியிடமிருந்து காப்பாற்றுகிறது. பின்னது கிருமியை மனிதரிடமிருந்து காப்பாற்றுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 1983இல் முதன்முதலாக வெளியிட்ட ஆய்வகக் காப்புக் கையேடு, 2004இல் வந்த மூன்றாம் பதிப்பில் பின்னதற்கெனத் தனி இயல் ஒன்றை ஒதுக்கியது.

எல்லா மொழிகளும் இவ்வேறுபாட்டைச் சொல்லளவில் காட்டுவதில்லை. ஸ்பானிய மொழியில் ‘பயோசெகுரிதாத்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் சுட்டக்கூடியது. செருமானிய ‘ஸிஹர்ஹைட்’ என்பதும் அத்தகையதே. பிரெஞ்சில் இரு சொற்கள் உண்டு. ஆனால் ஆங்கிலச் ‘செக்யூரிட்டி’யை ஒத்து ஒலிக்கும் சொல் அங்கே ‘சேஃப்டி’யைக் குறிக்கிறது. தமிழில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் ‘உணவுப் பாதுகாப்பு’, உணவு நஞ்சாகாமல் இருப்பதைக் குறிக்கும். 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அதே தொடர், உணவு கிடைப்பதற்கான உறுதியைக் குறிக்கும். இரண்டையும் நாம் ஒரே பெயரால் வழங்கிவருகிறோம். சூழல் பொருளை விளக்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் ஆய்வகத்தில் இவ்விரண்டும் ஒரே கதவில் மோதுகின்றன. தீப்பற்றினால் கதவு எளிதில் திறக்க வேண்டும் என்பது ஒரு பாதுகாப்பு. அயலார் நுழையாதபடி கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது மற்றொரு பாதுகாப்பு. ‘கதவுப் பாதுகாப்புச் சரிபார்க்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினால் எது சரிபார்க்கப்பட்டது?

‘கா’ என்னும் வினையடியிலிருந்தே இதற்குத் தீர்வு கிடைக்கிறது. காப்பு, காவல் இரண்டும் அதன் வழி வந்த பெயர்கள். காவல் என்பதில் காவலர், காவல் நிலையம் என ஆளை எதிர்த்து நிற்கும் பொருள் வழக்கில் உறுதிப்பட்டுள்ளது. காப்பு என்பதிலோ தீங்கு அணுகாமைக்கு முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடு என்னும் பொருள் உள்ளது. நூல் முகப்பில் வரும் காப்புச் செய்யுளும், மாரியம்மன் விழாவில் கட்டும் காப்பும் இதற்குச் சான்று. காப்புக் கட்டிய பின் ஊரைவிட்டுச் சென்று வெளியூரில் தங்கலாகாது என்னும் வழக்கத்தையும் இங்கு நினைக்கலாம். அம்மை நோயின் தெய்வத்திற்கு எடுக்கும் விழாவில் இவ்வழக்கம் இருப்பது நோக்கத்தக்கது. ஆகவே உயிரியல் காப்பு, உயிரியல் காவல் என்று பிரித்து வழங்குவதே பொருத்தம். கிருமியை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் பொறியியல் ஏற்பாட்டிற்கு ‘அடைப்பு’ என்னும் எளிய சொல்லே போதும். ‘கட்டுப்பாடு’ என்று எழுதுவோர் உளர். அது ஆள்களைக் கட்டுப்படுத்துவதையும் சுட்டுவதால் தெளிவில்லை.

எனினும் சொல்லைப் பிரித்த அளவில் சிக்கல் தீர்ந்துவிடாது. ‘காத்தான்’ என்னும் வினை, யார், யாரை, எதனிடமிருந்து என மூன்று வினாக்களை எழுப்பும். ‘காப்பு’ என்று பெயராக்கியவுடன் அம்மூன்றையும் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தொழிற்பெயரின் வசதியும் அதுவே, ஆபத்தும் அதுவே.

இதற்கு ஆய்வகப் பேச்சு வழக்கிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் கண்ணாடி முகப்பும் விசிறியும் விளக்கும் கொண்ட பெட்டி எதுவாயினும் அது ‘லாமினார்’ அல்லது ‘ஹூட்’ என்றே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. அப்பெயரின்கீழ் மூன்று வேறு கருவிகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, வடிகட்டிய தூய காற்றை வேலைப்பரப்பின் மீது செலுத்தும் மேடை. அதன் காற்று ஆய்வுப்பொருளைக் கடந்து பணிபுரிபவரின் முகத்தை நோக்கி வருவது. திசுவளர்ப்பில் செடித்துண்டைப் பூஞ்சை தாக்காமல் காக்க அது சிறந்தது. இரண்டாவது, நச்சு வளியை இழுத்து வெளியேற்றும் வேதியியல் பெட்டி. அது பணிபுரிபவரைக் காக்கும், ஆய்வுப்பொருளைக் காவாது, வெளியேறும் காற்றில் கிருமி இருந்தால் அதை வடிகட்டும் ஏற்பாடும் பொதுவாக அதில் இராது. மூன்றாவதே உயிரியல் காப்புப் பெட்டி. அதன் இரண்டாம் வகை முகப்பில் காற்றை உள்ளிழுத்து, 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் வடிகட்டி வழியே செலுத்துகிறது. ஆள், பொருள், சூழல் மூன்றையும் காப்பது அது ஒன்றே.

இனி, காசநோய்க் கிருமியை ‘லாமினாரில்’ வைத்துத் திறக்குமாறு மூத்த மாணவர் இளைய மாணவரிடம் கூறுவதாகக் கொள்வோம். கேட்பவர் முதல் கருவியின்முன் சென்று அமர்ந்தால், கிருமி கலந்த காற்று அவர் மூக்கிற்கே வந்துசேரும். பெயர் ஒன்று, காக்கப்படும் ஆள் வேறு. பார்வையிடுவோர் இருப்புப் பதிவேட்டில் ‘லாமினார் ஃப்ளோ – 2’ என்று கண்டு நிறைவடைந்துவிடலாகாது. மேடைக்கு ‘பொருள் காப்பு மேடை’ என்றும், மூன்றாவதற்கு ‘ஆள் காப்புப் பெட்டி’ என்றும் கருவியின் நெற்றியிலேயே எழுதிவைத்தால் என்ன? இலக்கணப்படி அவை செயப்படுபொருளை மீட்டுத்தரும் பெயர்கள்.

தரவரிசைச் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. உயிர்களை அவற்றின் தீங்கு நோக்கி நான்கு இடர்ப்பிரிவுகளாகவும், ஆய்வகங்களை அவற்றின் ஏற்பாடு நோக்கி நான்கு காப்பு நிலைகளாகவும் பகுப்பது வழக்கம். முன்னது கிருமியின் பண்பு. பின்னது கட்டடத்தின் பண்பு. இவ்விரண்டையும் மயக்குவது எங்கும் உள்ளது. தமிழில் கூடுதலாக மற்றொரு மயக்கமும் சேர்கிறது. முதல் என்பதற்குத் தலைமை என்றும் பொருள். முதல்தரம் மிகச் சிறந்தது, நாலாந்தரம் இழிந்தது. ‘இது நான்காம் தர ஆய்வகம்’ என்று எழுதினால், மிக உயர்ந்த அடைப்புக் கொண்ட ஆய்வகம் என்று தமிழர் எவரும் பொருள்கொள்ளார். பிரிட்டனில் முன்பு மிகக் கொடிய கிருமிகளை ‘ஏ’ வகை என்றே குறித்தனர். பின்னர் எண்முறைக்கு மாறி அவற்றை நான்காம் பிரிவில் வைத்தனர். வரிசை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்பது இடுகுறியே. ஆகவே தமிழில் ‘தரம்’ என்னும் சொல்லை அறவே தவிர்த்து, ‘காப்பு நிலை 4 (மிகுதி)’ என அடைமொழி சேர்த்து எழுதுதல் நலம். உலக நலவாழ்வு நிறுவனக் கையேட்டின் நான்காம் பதிப்பு (2020), எண் நிலைகளை முதன்மைப்படுத்தாமல், செய்யும் பணியின் இடரை மதிப்பிட்டு அடிப்படைத் தேவைகள், கூடுதல் ஏற்பாடுகள், உச்ச அடைப்பு என்று சொல்வழிப் பகுப்பிற்கு வந்துள்ளது.

2. கதவிலுள்ள குறி

உயிரியல் இடரைக் குறிக்கும் முப்பிறைக் குறி இன்று உலகெங்கும் காணப்படுகிறது. இதன் தோற்றம் குறியியல் பயில்வோர் அறியத்தக்கது. 1966இல் அமெரிக்காவின் டௌ வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் பால்ட்வின் குழுவினர் இதனை உருவாக்கினர். அவரும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ரங்கிளும் 1967இல் ‘சயன்ஸ்’ இதழில் இதுபற்றி எழுதினர். ஆறு புதிய குறிகளையும், மக்கள் அறிந்த வணிகக் குறிகள் முதலியன பதினெட்டையும் கலந்து 25 நகரங்களைச் சேர்ந்த 300 பேரிடம் காட்டி ஒவ்வொன்றின் பொருளையும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, அந்த 24 குறிகளுடன் வேறு 36 குறிகளையும் கலந்து, முன்பு பார்த்தவை எவை என்று கேட்டனர். மிக எளிதில் நினைவில் நின்றதும், எவராலும் பொருள் ஊகிக்க முடியாததுமான குறியே தேர்ந்தெடுக்கப்பட்டது. மும்மடிச் சமச்சீர் உடையதாதலால் பெட்டி எப்படிக் கிடந்தாலும் குறியை அடையாளம் காணலாம்.

சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பில்லை என்று சசூர் கூறியதை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இங்கோ பொருளின்மையே தகுதியாகக் கொள்ளப்பட்டு ஓர் இடுகுறி திட்டமிட்டுப் படைக்கப்பட்டது. பொருளற்ற குறிக்குப் பின்னர்க் கல்வியால் பொருளூட்டலாம் என்பது அவர்களின் கருத்து. கருத்துச் சரியே. ஆனால் அதில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது: கற்பிக்கப்படாதவருக்கு அக்குறி ஓர் அழகிய கோலம் மட்டுமே.

கதிரியக்கத்திற்குரிய மூவிதழ்க் குறியில் இந்நிபந்தனையின் விளைவு வெளிப்பட்டது. அதன் பொருள் கல்லாதார்க்கு விளங்கவில்லை என்று கண்டு, பன்னாட்டு அணு ஆற்றல் முகமை இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் சோதித்து, மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட துணைக்குறி ஒன்றை 2007இல் வெளியிட்டது. இடுகுறி போதாமல் உருக்குறியைத் துணைக்கு அழைத்த நிகழ்ச்சி இது. 2010இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாதிருந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டு, மாயாபுரிச் சந்தையில் பிரிக்கப்பட்டபோது தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். இது கிருமியால் நேர்ந்த கேடன்று. ஆயினும் பல்கலைக்கழக ஆய்வகத்தின் இடர் யாரைச் சென்று சேர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான இந்தியச் சான்று தேவையில்லை.

குறியைத் தவறாக வாசிப்பது கற்றவரிடமும் உண்டு. நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கழிவைக் கிருமிநீக்கம் செய்யும்போது பையின்மேல் ஒரு பட்டை ஒட்டுவர். வெப்பம் பட்டதும் அதன் கோடுகள் கறுக்கும். புகை நெருப்பைச் சுட்டுவதுபோல் இஃது ஒரு சுட்டுக்குறி. பையின் வெளிப்புறம் வெப்பத்தைக் கண்டது என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறவில்லை. ஆனால் ‘உள்ளேயுள்ள கிருமி இறந்தது’ என்றே அது வாசிக்கப்படுகிறது. இறுக அடைத்த பையின் நடுவில் நீராவி புகாதிருந்தாலும் பட்டை கறுக்கவே செய்யும். உண்மையை அறிய, வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் வித்துகள் அடங்கிய குப்பியைப் பையின் நடுவே வைத்து எடுத்து, அவை பின்னர் வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பட்டைச் சுருள் அலமாரியில் இருக்கிறது என்பதைப் பார்வையாளர் குறித்துக்கொள்வது எளிது. வித்துச் சோதனைப் பதிவேட்டைக் கேட்பதே பயனுடையது.

குப்பியின் பெயர்ச்சீட்டும் பொய் சொல்லக்கூடும். 2003 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் அரசு ஆய்வகம் ஒன்றில் மேற்கு நைல் வைரசைக் கையாண்டார். அவருக்கு வந்த நோயோ சார்ஸ். ஆய்வகத்தினுள்ளேயே ஒரு வைரஸ் மாதிரியில் மற்றது கலந்திருந்ததைப் பன்னாட்டு வல்லுநர் குழு கண்டறிந்தது. மாணவர் நலம் பெற்றார். பெயர்ச்சீட்டு உரைத்த இடரை அவர் அறிந்திருந்தார். பெயரில்லாத இடர் அவரைத் தாக்கியது. இதன் பின்னர் அந்நாடு உயிரியல் காரணிகளுக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை 2005இல் இயற்றியது.

3. பர்மிங்காம், 1978

பல்கலைக்கழக ஆய்வகப் பார்வையீட்டின் வரலாற்றில் பர்மிங்காம் மருத்துவப் பள்ளியில் நேர்ந்த பெரியம்மை நிகழ்ச்சி தனியிடம் பெறுவது. (ஆங்கிலேயர் ‘சிறிய’ அம்மை என்பதை நாம் ‘பெரிய’ அம்மை என்கிறோம். அவர்கள் மேகப்புண்ணோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். நாம் சின்னம்மையோடு ஒப்பிட்டோம்.) இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். நோய் உலகைவிட்டு நீங்கிவிட்டதாகக் கருதப்பட்ட நிலையில், 1978 ஆகஸ்ட் 11 அன்று ஜேனட் பார்க்கர் என்னும் மருத்துவ ஒளிப்படக்காரர் நோயுற்றார். செப்டம்பர் 11 அன்று இறந்தார். அவருக்கு அகவை 40. பெரியம்மையால் இறந்ததாகப் பதிவு பெற்ற கடைசி மனிதர் அவரே. அவர் தாயாருக்கும் நோய் கண்டு நீங்கிற்று. ஆய்வகத் தலைவரான பேராசிரியரும் அச்செப்டம்பரிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பார்க்கர் பெரியம்மை ஆய்வகத்தில் பணியாற்றியவர் அல்லர். அவர் உடற்கூற்றியல் துறையைச் சேர்ந்தவர். அவரது அறை ஆய்வகத்திற்கு மேல்தளத்தில் இருந்தது. பேராசிரியர் ஷூட்டர் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 1980இல் வெளிவந்தது. கட்டடத்தின் குழாய்ப் பாதை வழியே காற்றில் கிருமி மேலேறி, தொலைபேசி இருந்த அறையை அடைந்திருக்கலாம் என்று அக்குழு கருதியது. பல்கலைக்கழகம் இதனை ஏற்கவில்லை. 1979இல் நடந்த வழக்கில் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தைக் குற்றமற்றது என விடுவித்தது. கிருமி சென்ற வழி இன்றும் விவாதத்திற்குரியது. நம் நோக்கிற்கு வேண்டியது வழியன்று.

இடர்மிகு கிருமிகளுக்கான அறிவுரைக் குழு அவ்வாய்வகத்தை இருமுறை பார்வையிட்டு, பணி தொடரலாம் என்று பரிந்துரைத்திருந்தது. உலக நலவாழ்வு நிறுவனப் பார்வையாளர்களும் வந்தனர். கட்டட வசதி தம் அளவுகோலுக்கு ஒத்ததாக இல்லை என்றனர். ஆயினும் நடைமுறையில் சில மாற்றங்களை மட்டுமே கூறினர். பணியின் அளவு குறைந்துவருகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அது கூடியிருந்தது. ஆய்வகம் அவ்வாண்டு இறுதியில் மூடப்படவிருந்ததால், அதற்குள் ஆய்வை முடித்துவிடும் விரைவு இருந்தது. பணியாளர் சிலர் தனிப்பயிற்சி பெறாதிருந்தனர். பார்க்கர் முன்பு அம்மை குத்திக்கொண்டவரே; ஆனால் அதன் காப்பு நீடிக்கும் காலம் கடந்திருந்தது.

இங்கு நடந்ததை மொழிநோக்கில் காணலாம். பார்வையாளர்கள் கேட்டனர், ஆய்வகத்தார் விடையளித்தனர். அவ்வுரையாடலில் ‘ஆய்வகப் பணியாளர்’ என்னும் தொடர் யாரைச் சுட்டியது? ஆய்வகத்தின் ஊதியப் பட்டியலில் உள்ளோரைச் சுட்டியது. அதே காற்றை உயிர்த்தவரைச் சுட்டவில்லை. இத்தனைக்கும் அதே கட்டடத்தில் பணியாற்றிய மற்றொரு மருத்துவ ஒளிப்படக்காரர் 1966இல் பெரியம்மையின் மென்வகையால் தாக்கப்பட்டிருந்தார். அப்போதும் நோய் பல வாரம் அடையாளம் காணப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் அதே தொழிலைச் செய்த இருவர் தாக்கப்பட்டனர். அத்தொழில் எந்த வினாப்பட்டியலிலும் இடம்பெறவில்லை.

பார்வையீட்டின் முதல் வினா ‘இங்கு யார் பணியாற்றுகின்றனர்?’ என்றிருந்தால் விடை ஒரு பட்டியலாக வரும். ‘இன்று இக்கட்டடத்தினுள் வந்தவர் யார் யார்?’ என்றிருந்தால் துப்புரவுப் பணியாளர், மின்பணியாளர், அஞ்சல் கொணர்பவர், தேநீர் தருபவர் எல்லாரும் அவ்விடையில் வருவர். ஆய்வகத் தொற்றுகள் பற்றி பைக் 1976இல் தொகுத்த 3,921 நிகழ்வுகளில், இன்ன விபத்தால் நேர்ந்தது என்று காட்டக்கூடியவை ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியவற்றில் சிந்தியதாகவோ குத்தியதாகவோ எவருக்கும் நினைவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்திவலைகள் பலவற்றிற்குக் காரணமாகலாம். விபத்து நேர்ந்தால் எழுதுக என்று பதிவேட்டில் பத்தி வகுப்பதால் மட்டும் இவை அகப்படா.

4. அறிவிப்பு வாக்கியங்கள்

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் காப்புச் சட்டத்தின்கீழ் 1989 டிசம்பரில் வெளியிடப்பட்ட விதிகள், மரபணு மாற்றிய உயிர்களையும் இடர்மிகு நுண்ணுயிர்களையும் கையாளும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென உயிரியல் காப்புக் குழு ஒன்றை அமைக்கப் பணிக்கின்றன. நிறுவனத் தலைவர், மரபணுப் பணியில் ஈடுபட்ட அறிவியலார், மருத்துவ வல்லுநர் ஒருவர், உயிரித் தொழில்நுட்பத் துறையின் நியமனர் ஒருவர் ஆகியோர் அதன் உறுப்பினர். 2017இல் அத்துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் முந்தையவற்றைத் தொகுத்து விரிவாக்கின. குழுவின் உறுப்பினர் அனைவரும் ஆங்கிலம் கற்றோர். கழிவுப்பையைத் தூக்குபவர் அவர்களுள் ஒருவராக இருக்க வேண்டும் என்று 1989 விதி கூறவில்லை. ஆகவே அறிவிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தேவை எழும்போது தமிழாக்கப்படுகின்றன.

மொழியாக்கத்தில் முதலில் நிலைகுலைவது கட்டாயத்தின் அளவு. ஆங்கில நெறிமுறைகளில் ‘ஷல்’ கட்டாயத்தையும், ‘ஷுட்’ பரிந்துரையையும், ‘மே’ இசைவையும் குறிக்கும். தமிழில் முதல் இரண்டும் ‘வேண்டும்’ ஆகிவிடுகின்றன. மூன்றாவதாகிய ‘-லாம்’ இசைவையும் நேரக்கூடியதையும் ஒருங்கே சுட்டும். ‘கதவு திறந்திருந்தால் கிருமி வெளியேறலாம்’, ‘பணி முடிந்தபின் மாணவர் வெளியேறலாம்’ என்னும் இரு வாக்கியங்களையும் ஒரே அறிவிப்பில் அடுத்தடுத்து எழுதினால் நகைப்பே மிஞ்சும். கட்டாயத்திற்குச் ‘செய்தல் வேண்டும்’, பரிந்துரைக்குச் ‘செய்வது நன்று’, இசைவிற்குச் ‘செய்யலாம்’, நேரக்கூடியதற்கு ‘நேரக்கூடும்’ என வரையறுத்துக்கொள்வது கடினமன்று. சட்டத் தமிழில் முதலாவது ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது.

செயப்பாட்டுவினை இதனினும் பெருங்கேடு விளைப்பது. ‘கழிவு கிருமிநீக்கம் செய்யப்பட்ட பின்னர் அகற்றப்பட வேண்டும்’ என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம். இதில் இரு வினைகள் உள்ளன. வினைமுதல் ஒன்றுகூட இல்லை. கிருமிநீக்கம் செய்யக் கடமைப்பட்டவர் ஆய்வு மாணவர்; அகற்றுபவர் உதவியாளர். உதவியாளர் செய்திருப்பார் என்று மாணவரும், மாணவர் செய்திருப்பார் என்று உதவியாளரும் நினைத்துக்கொள்ள இவ்வாக்கியம் இடந்தருகிறது. ‘கழிவை ஆய்வு மாணவர் கிருமிநீக்கம் செய்து, பையின்மேல் நாளும் நேரமும் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். கையொப்பம் இல்லாத பையை உதவியாளர் தொடவேண்டாம்’ என்று எழுதினால் நீளம் கூடுகிறது, பொறுப்பும் பிரிகிறது. ‘அனுமதி பெற்றோர் மட்டும்’ என்னும் அறிவிப்பும் இத்தகையதே. நாள்தோறும் தரை துடைக்க வருபவர் அனுமதி பெற்றவரா, பெறாதவரா? அவர் தம்மை அனுமதி பெற்றவராகக் கருதுவதே இயல்பு.

வினாப்பட்டியலில் வரும் ‘உண்டா’, ‘இருக்கிறதா’ என்னும் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘கையுறை உண்டா?’ என்பதற்கு ‘உண்டு’ என்ற விடை, இவ்வாய்வகத்தில் கையுறை வழங்கும் வழக்கம் உள்ளது என்று பொருள்படும். இப்போது பெட்டி காலியாக இருந்தாலும் அவ்விடை பொய்யாகாது. ‘இருக்கிறதா?’ என்பது இவ்விடத்தில், இந்நேரத்தில் உள்ள இருப்பைக் கேட்பது. ஆங்கிலம் இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்ட இயலாதது; தமிழுக்கு இயல்பாய் அமைந்தது. ‘கண்கழுவும் குழாய் உண்டா?’ என்று கேட்டு ஒரு குறியிடுவதைவிட, அதைத் திருகி ‘தண்ணீர் வருகிறதா? கலங்கலா, தெளிவா?’ என்று எழுதும்படி பட்டியலை அமைப்பது மேல்.

நிறக்குறியீட்டைச் சுருக்கமாகவே கூறவேண்டும். உயிரி மருத்துவக் கழிவு பற்றிய 1998 விதிகளில் மஞ்சள், சிவப்பு, நீலம் அல்லது வெள்ளை, கறுப்பு என நிறங்கள் இருந்தன. 2016 விதிகளில் கறுப்பு நீங்கியது. கூர்பொருளுக்கு வெள்ளை, கண்ணாடிக்கு நீலம் எனத் தனித்தனியே பிரிந்தன. கிருமி வளர்ப்புகளும் ஆய்வகக் கழிவும் மஞ்சள் பைக்குரியன. அவற்றை அவ்விடத்திலேயே முன்னதாகக் கிருமிநீக்கம் செய்தல் வேண்டும். நிறமும் இடுகுறியே, பழைய குறியீட்டில் பழகிய கைக்குப் புதியதைக் கற்பிக்க ஒரு சுவரொட்டி போதாது. மஞ்சளை மங்கலமாகவும், மஞ்சள் பையைத் துணிக்கடைப் பையாகவும் அறிந்த நாட்டில், 2021 முதல் அரசே மஞ்சப்பையை மீட்க இயக்கம் நடத்தும் நாட்டில், மிக இடர்மிக்க கழிவு மஞ்சளில் வருகிறது. விதியை மாற்ற இயலாது; பயிற்சியில் இதனை வெளிப்படையாகச் சொல்லலாம்.

5. அறிவிப்பைச் சோதித்தல்

காப்புப் பெட்டியின் காற்றோட்டத்தை ஆண்டுக்கொரு முறை அளந்து சான்று பெறுகிறோம். வித்துக் குப்பியால் அழுத்தக் கலத்தைச் சோதிக்கிறோம். அறிவிப்பு வாக்கியத்தை மட்டும் எவரும் சோதிப்பதில்லை. ஒட்டிவிட்டால் அது வேலை செய்கிறது என்று கொள்கிறோம். 1966இல் பால்ட்வின் குழுவினர் கையாண்ட முறையையே சிறிய அளவில் பின்பற்றலாம். துறையின் உதவியாளர், துப்புரவுப் பணியாளர், காவலர், புதிதாகச் சேர்ந்த மாணவர் ஆகியோரிடம் அறிவிப்பையும் குறியையும் தனித்தனியே காட்டி, ‘இதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘புரிகிறதா?’ என்று கேட்கலாகாது. அதற்கு மரியாதை கருதியேனும் ‘புரிகிறது’ என்றே விடை வரும். விடையை அவர்கள் சொன்ன பேச்சுவழக்கிலேயே எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். எழுத்தறியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கேட்கலாம். பணியாளர் தெலுங்கரோ இந்தி பேசுபவரோ ஆயின் அவர் மொழியில் கேட்பதற்கு மொழித்துறை மாணவரின் உதவியைப் பெறலாம். ஒரே வளாகத்தில் இரு துறைகளும் இருந்தும் இதுவரை ஒன்றையொன்று நாடும் தேவை எழாமற் போயிற்று.

இதற்குக் கருவி வேண்டா. செலவு ஓரிரு பிற்பகல். உயிரியல் காப்புக் குழு கூடும்போது, பெட்டியின் சான்று, வித்துச் சோதனை முடிவு ஆகியவற்றோடு இவ்விடைகளையும் வைத்தல் வேண்டும். பாதிப்பேர் பிறழ உணர்ந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டி, அதன் அடியில் சோதித்த நாளைக் குறிக்கலாம். அடுத்த ஆண்டு பார்வையிட வருவோர் முதலில் வாசிக்க வேண்டியது அந்த நாளை.